இரண்டு மில்லிமீற்றர் சாக்கு

போன கிழமை நான் ஒரு கார்ச் சில்லு விவகாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

எனக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் திறப்பை எந்தப் பக்கம் திருப்புவது, பெற்றோல் எந்த ஓட்டைக்குள் விடுவது... அவ்வளவுதான். ஆனால் எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. சாமான் வாங்கப் போகும்போது சாமானைப் பற்றித் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். கதைக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்!

அப்படித்தான் தயா என்னை வந்து கூப்பிட்டார்.

தயாபரன் லண்டனில், மோர்டன் பக்கம், எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. மனைவி கௌரி ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் பகுதியில் இருக்கிறார். மூன்று சின்னப் பிள்ளைகள். தயாவுக்கு ஒரே ஒரு தங்கை, சுவிஸில். அவளுக்குக் கல்யாணம் சரிவந்திருக்கிறது. தகப்பன் காலமாகிவிட்டார். தாய்க்கு இப்போதைய நிலையில் ஊரைவிட்டு வெளிக்கிட வழியில்லை. ஆகவே பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் அண்ணனும் அண்ணியும்தான். இவர்கள் போய்ச் சேராவிட்டால் மணவறையில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கச் சொந்தமென்று ஒருவர் இல்லை.

காரில்தான் பயணம். கூறைச்சேலை, பலகாரப் பெட்டி, குத்துவிளக்கு, மூன்று பிள்ளைகள் — இதையெல்லாம் விமானத்தில் ஏற்றுகிற காரியமா? டோவரில் கப்பல் ஏறி, பிரான்சைக் கடந்தால் வந்துவிடுகிறது சுவிஸ். எல்லாம் சுகமாகத்தான் இருந்தது... மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியில் ஒரு குண்டைப் போடும்வரை.

மண்டபம் மலைக்கு மேலே. மாதம் ஜனவரி. பனி டயர் இல்லாமல் கார் ஏறாது.

பனி டயரா? லண்டன்காரருக்கும் பனிக்கும் என்ன உறவு? ஓர் அங்குலம் கொட்டினாலே ரயில் நிற்கும், பள்ளிக்கூடம் பூட்டும், அதைப் பற்றியே மூன்று நாள் பேசிக்கொண்டிருப்போம். தயா போய் விசாரித்த டயர்க் கடையில் ஒரு வெள்ளைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டயர் என்றால் கறுப்பாக, உருண்டையாக இருக்கும். அதில் என்ன விண்டர், சமர்?" என்று கேட்டிருக்கிறார். ஓர்டர் போடலாமாம். எப்போது வரும் என்று மட்டும் கேட்கக்கூடாதாம்.

கல்யாணம் காத்திருக்குமா?

இந்த நேரத்தில்தான் அப்டன் பார்க்கில் எங்கள் ஆட்களின் கடைக்குப் பலகாரத்துக்குச் சாமான் வாங்கப் போன கௌரி, கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு கடதாசித் துண்டைப் பார்த்திருக்கிறார். "பனி ரயர் நாலு, சில்லோடை. பாவிச்சது. நல்ல நிலை." கீழே ஸ்ட்ரெதமில் ஒரு தொலைபேசி இலக்கம்.

சில்லோடு டயர். அதாவது இரும்புச் சக்கரத்திலேயே டயரைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் காரில் இருப்பதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் வேலை முடிந்தது. பனிக்காலம் போனதும் பழையதைத் திரும்ப மாட்டலாம். குளிர் நாடுகளில் வருஷா வருஷம் செய்கிற வேலையாம். செருப்பு மாற்றுகிற மாதிரி!

கடவுளே அனுப்பிய துண்டு என்று கௌரி நினைத்தார். தயா அப்படி நினைக்கவில்லை. ஸ்ட்ரெதமுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே ஆராய்ச்சி.

"நல்ல நிலை எண்டா ஏனண்ணை விக்கிறான்?"

"ஜெர்மனியில இருந்து வந்த ஆளெண்டு கடைக்காரர் கௌரிக்குச் சொன்னவராம். இஞ்சை பனி இல்லைத்தானே, அதுதான் விக்கிறார்."

"உது அவன் சொல்லுற கதை."

"அவர் இன்னும் ஒண்டுமே சொல்லேல்லையே, தயா!"

"சொல்லுவான். பாருங்கோ."

ஆளின் பெயர் நவரத்தினம். நவம் என்று கூப்பிடுகிறார்கள். நெட்டையான மனிதர். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. மாடிக் குடியிருப்பின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கராஜ். கதவைத் தூக்கிக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"வாங்கோ. ஊரில எவடம்?"

வணக்கம் கிடையாது. குளிருக்குள் நிற்கிறீர்களே என்ற பேச்சுக் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே அந்தக் கேள்வி. தயா தன் ஊரைச் சொன்னார்.

"ஓ..." என்றார் நவம்.

அந்த "ஓ"வை எழுத்தில் எப்படிக் காட்டுவேன்? நீளமான ஓ. முடிகிற இடத்தில் கொஞ்சம் இறங்குகிற ஓ. தயாவின் முகம் அதிலேயே சுருங்கிவிட்டது.

நவம் தயாவின் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பழைய இத்தாலிக் கார் அது. "டிக்கியைத் திறவுங்கோ" என்றார். உள்ளே கிடந்த மேலதிகச் சில்லை வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்தார். கராஜுக்குள் போய் ஓர் இரும்பு அடிமட்டத்தோடு வந்து, அதன் ஓட்டைகளுக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தார். திரும்ப உள்ளே போய்த் தன்னுடைய சில்லை அளந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தரேலாது."

"என்ன?"

"உங்களுக்குத் தரேலாது. வராது."

"ஏன் வராது? அதுவும் பதின்மூண்டு அங்குலம், இதுவும் பதின்மூண்டு அங்குலம். அதிலயும் நாலு ஓட்டை, இதிலயும் நாலு ஓட்டை!"

"பாக்க வாற மாதிரித்தான் இருக்கும். என்ர சில்லில இந்த ஓட்டைக்கும் நேர் எதிர் ஓட்டைக்கும் நூறு மில்லிமீற்றர். உங்கடையில தொண்ணூற்றெட்டு. இது பிரெஞ்சுக் காரின்ர சில்லு. உங்கடை இத்தாலி. வராது."

"இரண்டு மில்லிமீற்றர்?"

"ஓம்."

"நான் கேட்ட காசு தரத்தானே நிக்கிறன்."

"காசுக்கில்லை. தரேலாது."

தயா மேலதிகச் சில்லைத் தூக்கி உள்ளே எறிந்து டிக்கியை அடித்துச் சாத்தினார். நான் ஒரு காலைக் காருக்குள் வைத்தேனோ இல்லையோ, கார் புறப்பட்டுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். நவம் நடுத்தெருவில் நின்று கையைத் தூக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தியளோ அண்ணை, கையைக் காட்டுறான்! போ எண்டு!"

"என்ன நடந்தது இப்ப?"

"என்ன நடந்ததோ? ஊரைக் கேட்டான். ஓ எண்டான். பேந்து தரேலாது எண்டான். இதுக்குமேல உங்களுக்கு என்ன விளங்க வேணும்? இரண்டு மில்லிமீற்றராம்! நுளம்பின்ர காலளவு இல்லை!"

எனக்கு விளங்கியது. உங்களுக்கும் விளங்கியிருக்கும். ஊரைக் கேட்டால் ஆள் எந்தச் சாதி என்று பிடித்துவிடலாமே! நம் ஆட்களில் யாராவது ஒருவர் ஒன்றை இல்லையென்று சொல்லும்போது உண்மைக் காரணத்தைச் சொன்னதை எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

சம்பந்தம் பேசப் போகிறோம். பெண் வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. "உங்கள் குடும்பம் எங்களுக்குச் சரிவராது" என்று சொல்வார்களா? மாட்டார்கள். "எல்லாம் நல்ல விருப்பம்... ஆனால் சாதகம் பொருந்தேல்லை" என்பார்கள். எத்தனையாம் இடத்தில் செவ்வாய், எந்தப் பாகையில் சனி என்று கணக்கெல்லாம் காட்டுவார்கள். கல்யாணப் பேச்சுக் காரியங்கள் பார்க்கிற எனக்குத் தெரிந்த ஒருவர் சொல்வார்: "அண்ணை, பொய்க் காரணம் எண்டா அதில கட்டாயம் ஒரு கணக்கு இருக்கும். உண்மைக் காரணத்துக்கு ஆர் கணக்குப் பாக்கிறான்?" எவ்வளவு பெரிய பேச்சு! இப்படியானவற்றைக் கேட்கத்தானே நான் நாலு பேரோடு திரிகிறேன்.

தயாவின் காதில் அந்த இரண்டு மில்லிமீற்றரும் செவ்வாய் தோஷமாகத்தான் விழுந்திருக்கிறது.

அவர்மேல் குறை சொல்லவும் முடியாது. இந்த ஊருக்கு வந்த புதிதில் நாங்கள் படித்த முதல் பாடமே இதுதானே? ஜன்னலில் அறை வாடகைக்கு என்று அட்டை தொங்கும். கதவைத் தட்டுவோம். எங்கள் முகத்தைக் கண்டதும், "மன்னிக்கணும், அறை இப்போதுதான் போய்விட்டது" என்பார்கள். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு வந்து, கூட வேலை செய்கிற வெள்ளைக்காரரை அதே வீட்டுக்கு அனுப்புவோம். போன அறை அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்திருக்கும்!

ஒருவர் இல்லையென்றால் இன்னொருவரை அனுப்பிப் பார். உண்மை வெளிவந்துவிடும். அந்தக் காலத்தில் அது எங்களுக்குக் கைகொடுத்த வித்தை. தயாவும் அதைத்தான் கையிலெடுத்தார்.

"டாக்டரை அனுப்புவம் அண்ணை."

டாக்டர் ரங்கராஜன் என் பக்கத்து வீட்டுக்காரர். கும்பகோணத்துக்காரர். எங்கள் ஊர் நுணுக்கங்கள் எதுவும் அவருக்குப் பிடிபடாது. அதனாலேயே அவரை எல்லோருக்கும் பிடிக்கும். விஷயத்தைச் சொன்னதும் துள்ளினார்.

"துப்பறியற வேலையா சார்? நான் ரெடி. என்ன பேர்ல போகணும்?"

"உங்கட பேரிலயே போங்கோ டாக்டர். உங்கட காருக்குத்தான் எண்டு சொல்லுங்கோ. அது போதும்."

சனிக்கிழமை மத்தியானம் போனவர் இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பினார். பின்சீட்டில் நாலு சில்லும் அடுக்கியிருந்தன. ஜன்னலைக் கீழே இறக்க முதலே கதை தொடங்கிவிட்டது.

"ரொம்பத் தங்கமான மனுஷன் சார்! கொஞ்சம் சிரிக்க மாட்டேங்கறார், அவ்வளவுதான். காபியெல்லாம் குடுத்தார். எந்த ஊருன்னு கேட்டார். கும்பகோணம்னேன். 'ஓ'ன்னார். என் ஸ்டெப்னிய எடுத்து வச்சு ஸ்கேல்ல அளந்தார். 'அச்சொட்டா வரும்'னு சொல்லித் தூக்கிக் குடுத்துட்டார். அச்சொட்டான்னா நல்லதுதானே சார்?"

"பாத்தியளோ!" தயா என் தோளில் அடித்தே விட்டார். "பாத்தியளோ அண்ணை! கும்பகோணத்துக்குக் கோப்பி. எங்களுக்குத் தரேலாது!"

எனக்குள் ஏதோ ஒன்று இலேசாக இடித்தது. "தயா, டாக்டற்ற சில்லையும் அளந்தவராமே..."

"அளக்கிறது நாடகம் அண்ணை. சாதகம் பொருந்தேல்லை எண்டுற ஆக்களும் கட்டத்தைக் கீறிப்போட்டுத்தானே சொல்லுறவை?"

சந்தேகப்படுகிறவனிடம் உள்ள பெரிய வசதி அது. எந்த ஆதாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதைத் தன் பக்கத்துக்கே அடுக்கிக்கொள்வான்!

செவ்வாய்க்கிழமை விடியப் பயணம். ஞாயிறு காலை தயாவின் வீட்டு வாசலில் சில்லு மாற்றும் படலம். நான் பார்வையாளன். டாக்டர் மேற்பார்வை. தயா ஜாக்கியை வைத்து ஏற்றிப் பழைய சில்லைக் கழற்றிப் புதியதைத் தூக்கி வைத்தார். சரியாகப் போய் உட்கார்ந்தது. ஓட்டைக்கு நேரே ஓட்டை.

"எங்க இரண்டு மில்லிமீற்றர்? எங்க?" என்று கேட்டார். நவத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் ஸ்ட்ரெதமில் இருந்தார், அதுதான் குறை.

முதலாவது போல்ட் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவதுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கவேண்டியிருந்தது. நாலாவது போல்ட் முனகியது. தயா ஸ்பனரில் ஏறி நின்று காலால் உதைத்தார்.

"கொஞ்சம் டைட்டா போறாப்ல இருக்கே?" என்றார் டாக்டர்.

"புதுசெண்டா இறுகத்தானே வேணும் டாக்டர்."

"யூஸ்டுன்னு தானே சொன்னீங்க?"

"எங்களுக்குப் புதுசு!"

நாலு சில்லும் பூட்டியாயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பனி டயரின் பொளிப்புகள் பெரிய பெரிய பல்லு மாதிரி. பிள்ளைகளை டாக்டர் வீட்டில் விட்டுவிட்டு, தயா ஓட்ட, நான் பக்கத்தில் இருக்க, கௌரி பின்சீட்டில் ஏறினார். "சும்மா ஒரு சுற்று" என்றுதான் வெளிக்கிட்டோம்.

மெதுவாகப் போனபோது ஒன்றுமில்லை. பெரிய ரோட்டில் ஏறிக் கொஞ்சம் வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. காய்ச்சல்காரனின் கை நடுங்குமே, அப்படி.

"என்னப்பா இது?" கௌரி.

"புது ரயர். ரோட்டோட பழக வேணும்."

"என்ர சீற்றும் ஆடுது."

"பனிக்கெண்டு செய்த ரயர். காஞ்ச ரோட்டில இப்பிடித்தான்."

"நிப்பாட்டுங்கோ."

"இன்னும் கொஞ்சத் தூரம்..."

"நிப்பாட்டுங்கோ எண்டிறன்!"

அந்தக் குரலுக்குக் கார் தானாகவே நின்றிருக்கும். கௌரி இறங்கினார். முன்பக்கச் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். ஸ்பனரைக் கேட்கவில்லை. இரண்டு விரலால் ஒரு போல்ட்டைப் பிடித்துத் திருகினார்.

அது திரும்பியது.

சற்று முன்னர் ஒரு மனிதன் ஏறி நின்று உதைத்து இறுக்கிய போல்ட். ஒரு மைல்கூட ஓடவில்லை. ஒரு பெண்ணின் விரலுக்குப் போத்தல் மூடி மாதிரித் திரும்புகிறது.

பக்கத்தால் கார்கள் சீறிக்கொண்டு போயின. நான் மலையை நினைத்தேன். பனி, வளைவு, பின்சீட்டில் மூன்று பிள்ளைகள்... அதற்குமேல் நினைக்கவில்லை.

கௌரி தயாவை நிமிர்ந்து பார்த்தார். "செவ்வாய்க்கிழமை என்ர பிள்ளையள் இதிலதானே இருந்திருக்குங்கள்?"

தயாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் மனிதனின் மூளை இருக்கிறதே... அந்த வெளிறிய முகத்தோடும் அவர் சொன்னதைக் கேளுங்கள்:

"பாத்தியளோ, பழுதான சில்லை டாக்டற்ற தலையில கட்டிப்போட்டான் படுபாவி!"

கௌரி எழுந்து நின்றார். "டாக்டற்ற காரில பூட்டிப் பாத்தனீங்களோ?"

"இல்லை..."

"பேந்தென்னெண்டு பழுதெண்டுறியள்?"

போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கி, நடக்கிற வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம். கௌரி ஒரு நிமிடம்கூட விடவில்லை. ஒரு சில்லைக் கழற்றி டாக்டரின் காருக்கு உருட்டிக்கொண்டு போகச் சொன்னார். அவருடையதும் ஒரு பிரெஞ்சுக் கார்தான். பூட்டினார்கள். நாலு போல்ட்டும் விரலாலேயே ஓடிப் போய் உட்கார்ந்தன. ஒரு முனகல் இல்லை. டாக்டர் அதோடு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "அச்சொட்டு சார்!" என்றார். புதிதாகக் கிடைத்த சொல்லை எங்கேயாவது பாவிக்க வேண்டுமே!

சில்லில் பழுதில்லை. நவத்திலும் பழுதில்லை.

"அந்த மனிசன் அண்டைக்கு என்ன சொன்னவர்?" கௌரி கேட்டார்.

தயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இரண்டு மில்லிமீற்றர்... எண்டவர்."

"பேந்து?"

"பேந்து நான் காரை எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

பழைய சில்லைத் திரும்பப் பூட்டிக்கொண்டு அன்று பின்னேரமே ஸ்ட்ரெதமுக்குப் போனோம். இந்தமுறை கௌரி முன்சீட்டில். தயா பின்னால், சில்லுகளுக்கு நடுவில்.

நவம் எங்களைப் பார்த்தார். சில்லுகளைப் பார்த்தார். விளங்கிக்கொண்டார்.

"நான் அப்பவே யோசிச்சனான்" என்றார். "அந்த டாக்டர் இது என்னோட கார்தான், என்னோட கார்தான் எண்டு மூண்டு தரம் சொன்னவர். நான் அவரை ஒண்டும் கேக்கேல்லை. களவெடுத்த காராக்கும் எண்டு நினைச்சிட்டன்!"

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

"பூட்டி ஓடினனீங்களோ?"

"ஓம்" என்றார் கௌரி. "போல்ட் கழண்டது."

நவத்தின் கண் சிவந்துவிட்டது. தயாவின் பக்கம் திரும்பினார். "நாலு போல்ட்டும் ஆளுக்கொரு பக்கம் சரிஞ்சு நிண்டு இழுக்கும். இறுகின மாதிரி இருக்கும், இறுகாது. ஓட ஓடக் கழரும். ஏதும் நடந்திருந்தா நாளைக்கு உங்கட சனம் என்ன சொல்லும்? நவத்தின்ர சில்லு எண்டுதானே சொல்லும்? என்ன துணிவில காணும் இன்னொரு ஆளை அனுப்பி என்னட்ட வாங்கினனீர்?"

கௌரிதான் கேட்டார். வீட்டில் இத்தனை நாளும் உழன்ற கேள்வியை, சுற்றிவளைக்காமல், முகத்துக்கு நேரே.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. நீங்கள் ஊரைக் கேட்டிட்டு, 'ஓ' எண்டிட்டு, பேந்து தரேலாது எண்டனீங்களாம். இவர் அதைத்தான் மனசில வைச்சிட்டார்."

நவம் உண்மையாகவே திகைத்துப் போனார். ஊருக்கும் சில்லுக்கும் நடுவில் ஒரு நூலைப் பிடிக்க அவர் படுகிற பாடு முகத்தில் தெரிந்தது.

"ஊரைக் கேட்டதுக்கும் இதுக்கும் என்ன பிள்ளை? ஒரு தமிழாளைக் கண்டா வேற என்னத்தைக் கேக்கிறது? வெதர் கேக்கிறதோ?"

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. கௌரி சிரித்தார். கடைசியில், வேறு வழியில்லாமல், தயாவும்.

சிரிப்பு அடங்கியதும் கௌரியின் முகம் பழையபடி ஆகிவிட்டது. "இப்ப என்னண்ணை செய்யிறது? வியாழக்கிழமை தாலிகட்டு. பனி ரயர் இல்லாமல் அந்த மலை ஏறேலாதாம். நாங்கள் போகாட்டி அவளுக்கு அங்க ஒருத்தரும் இல்லை."

"அதைத்தானே அண்டைக்குக் கையைத் தூக்கிக் கூப்பிட்டனான்!" என்றார் நவம். "நில்லுங்கோ, நில்லுங்கோ எண்டு நடுரோட்டில நிண்டு கத்துறன், இவர் பறக்கிறார். பிள்ளை, சில்லு வேற, ரயர் வேற. வராதது இரும்புச் சில்லுத்தான். ரயர் அளவு உங்கடையும் என்ரையும் ஒண்டு. அதையும் அண்டைக்குப் பாத்தனான். ரயரை மட்டும் கழட்டி உங்கட சில்லிலயே போட்டா முடிஞ்சுது அலுவல்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

இவ்வளவு சின்ன விஷயம். ஒரு டாக்டரை வேஷம் கட்டி அனுப்பினோம். ஒரு கல்யாண வீட்டை நடுக்காட்டில் நிறுத்தப் பார்த்தோம். மூன்று பிள்ளைகளை... வேண்டாம். இன்னும் ஒரு நிமிடம் அந்தத் தெருவில் நின்றிருந்தால் விடை எங்கள் கையில் கிடைத்திருக்கும்.

நினைத்துப் பார்க்கிறேன். சாக்கைச் சாக்கென்று கண்டுபிடிக்க நாம் நன்றாகப் பழகிவிட்டோம். இந்த ஊர் பழக்கியது பாதி, நம் ஊர் பழக்கியது பாதி. அது இல்லாமல் இங்கே பிழைத்தும் இருக்கமாட்டோம். ஆனால் பழகிப் பழகி, ஒரு மனிதன் உள்ளதை உள்ளபடி சொல்லும்போது அதைக் கேட்கிற காது தூர்ந்து போய்விட்டது. பொய்யை மட்டும் பிடிக்கத் தெரிந்த காது... அதற்கும் செவிட்டுக் காதுக்கும் என்ன வித்தியாசம்? பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மில்லிமீற்றர் இருக்கலாம்.

திங்கட்கிழமை நவமும் கூட வந்தார். ஸ்ட்ரெதமில் ஒரு டயர்க் கடை. அவருடைய சில்லிலிருந்து டயரைக் கழற்றித் தயாவின் சில்லில் போட்டார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் நவம் தன் கையாலேயே இறுக்கினார். "கொஞ்சத் தூரம் ஓடினாப் பிறகு நிப்பாட்டி இன்னொருக்கா இறுக்குங்கோ. டோவரில கப்பல் ஏற முதல் பாருங்கோ" என்று கௌரியிடம்தான் சொன்னார். தயாவிடம் சொல்லவில்லை. மனிதர் ஆளை எடைபோட்டுவிட்டார்!

பெரிய ரோட்டில் ஏற்றிப் பார்த்தோம். ஸ்டியரிங் தியானத்தில் இருக்கிற சாமியார் மாதிரி அசையாமல் இருந்தது. செவ்வாய் விடிய முதல் தெருமுனையில் நின்று அவர்களை வழியனுப்பினேன். அப்புறம் வியாழன்வரை எனக்கு நித்திரை சரியில்லை. வீட்டில் ரெலிபோன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப் போய் எடுத்தேன்.

வியாழன் பின்னேரம் அடித்தது. தயா!

"அண்ணை, எல்லாம் அந்தமாதிரி. மலையில முழங்கால் அளவு பனி. எங்களுக்கு முன்னால போன காரொண்டு சறுக்கிப் போய் வேலியோட நிக்குது. எங்கட கார் ஏறினது பாருங்கோ... ஆடு ஏறினமாதிரி! தாரை வார்த்துக் குடுத்தாச்சு. தங்கச்சி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விடுறாளில்லை." குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் எப்பிடி?"

"அதையேன் கேக்கிறியள்? தங்கமான சனம். நாங்கள் வந்து இறங்கின நேரம் தொட்டு ஒரு குறை வைக்கேல்லை. பிள்ளையளுக்குக் குளிருடுப்பு, எங்களுக்குத் தனி அறை. மாப்பிள்ளையின்ர தகப்பன் தன்ர கையால எனக்குச் சோறு போட்டவர், அண்ணை."

"நல்ல விஷயம்தானே, தயா!"

ரெலிபோனில் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஓம்... ஆனால், ஏன் அண்ணை இவ்வளவு நல்லாக் கவனிக்கினம்?"